ஹஜாங் சித்தப்பாவின் வலது கை

சாப்பிட்டு முடித்ததும் ஹஜாங் சித்தப்பா கை கழுவ மாட்டார். நாள் முழுக்க ஆற்றின் மேலேயே இருப்பவர். கையைக் கீழே விட்டால் தண்ணீர். ஆனாலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் அடிவரை விட்டு உறிஞ்சுவார். பிறகு அந்தக் கையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். ஐந்து வயதிலிருந்து நான் இதைப் பார்த்திருக்கிறேன். பன்றிக் கொழுப்பும் மீன் எண்ணெயும் ஏறி அவர் முடி எப்போதும் மின்னிக்கொண்டிருக்கும். ஊரில் சிலர் அதை அழகு என்றார்கள். நான் அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

அவர் என் அப்பாவின் தம்பி. மகாகம் ஆற்றின் மேல்பகுதியில் நீளப்படகின் முன்முனையில் நின்று வழி காட்டுபவர். ஆற்றின் கீழ்ப்பகுதி நகரமான சமாரிண்டாவிலிருந்து வரும் பெரிய பயணிகள் படகு லோங் பகுன் துறையோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஆறு பாறைகளில் உடைந்து சுழித்து இறங்கும் இடங்கள் இரண்டு உண்டு, ரியாம் என்போம். இரண்டையும் ஏறிக் கடந்தால்தான் எங்கள் ஊர். சாலை வரப்போகிறது என்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நீளப்படகில் பின்னால் மூன்று இஞ்சின்கள், அவற்றை ஓட்டும் லெஜாவ் அண்ணன். முன்னால் சித்தப்பா, இடது கையில் கழியோடு. நடுவில் இருபது பேர், அரிசி மூட்டைகள், பெட்ரோல் டிரம், கூடைக் கோழிகள், சில சமயம் ஒரு ஃப்ரிட்ஜ். பின்னால் இருப்பவருக்கு முன்னால் உள்ள தண்ணீர் தெரியாது. இஞ்சின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. சித்தப்பாவின் வலது கைதான் அவருக்குக் கண். உள்ளங்கை கீழே பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கை வெளிப்பக்கம் நீண்டால் வலது. முழங்கை மடங்கி மார்புப் பக்கம் வந்தால் இடது. யோசிக்க நேரம் கிடையாது. கை அசைந்த அதே நொடியில் படகு திரும்பியாக வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கை தப்பவில்லை. மழையில் ஒரு முழம் நீர் ஏறினால் எந்தப் பாறை மறையும், எது புதிதாக ஆபத்தாகும் என்று அவருக்குத் தெரியும். தடுப்பூசிப் பெட்டி, பாதிரியார், பள்ளிக்கூட வாத்தியார், பிரசவ வலி கண்ட பெண்கள் எல்லோரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்வந்தார்கள். அந்த வேலை தெரிந்தவர் ஊரில் இன்னும் ஒருவர்தான் இருந்தார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சொன்ன பிறகு அவர் மேல் எனக்கு மரியாதை வருகிறதா என்றால், வரவில்லை.

எங்கள் பக்கத்தில் யாராவது சோறோ காப்பியோ நீட்டினால், பசியில்லாவிட்டாலும் விரலால் தொட்டு உதட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தொடாமல் ஆற்றில் இறங்கினால் வழியில் ஏதாவது நடக்கும். பாம்பு கடிக்கலாம், முதலை இழுக்கலாம், படகு பாறையில் மோதலாம். அதேபோல், சாப்பிடுகிறவர் முன்னால் ஒருவர் வந்து நின்றால் நீட்டாமல் இருப்பதும் முறையல்ல. பொதுச் சுகாதாரம் படித்த பிறகும் நான் தொடாமல் கிளம்பியதில்லை. நம்பிக்கையா, பயமா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன்.

சித்தப்பா இந்த வழக்கத்தை வைத்து வயிறு வளர்த்தார். படகு கிளம்புவதற்கு முன் வரிசையின் ஊடாக ஒருமுறை நடப்பார். யார் பொட்டலம் பிரிக்கிறார்களோ அங்கே கால் நிற்கும். நீட்டியாக வேண்டும். மற்றவர்கள் தொடுவார்கள், இவர் பாதியை அள்ளுவார். குழந்தை கடித்து வைத்த மீனையும் விடமாட்டார். சோற்றுக்குள் இறங்கும் அந்த விரல்களில் இஞ்சின் ஆயில் இருக்கும், நகத்துக்குள் மீன் செதில் இருக்கும். அவர் கை பட்ட மிச்சத்தை அதற்குப் பிறகு யார் சாப்பிடுவது? விவரம் தெரிந்தவர்கள் லோங் பகுன் கடையிலேயே தின்றுவிட்டு ஏறினார்கள். துணி விற்க வரும் பஞ்சார் இனத்து வியாபாரிப் பெண்கள், ஹஜாங்கின் மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாலும் வாசனை பிடித்துவிடுவார் என்று அவர் காதுபடவே பேசுவார்கள். லெஜாவ் அண்ணனும் விடமாட்டார்.

"இவருக்குப் பாறை தெரியுதோ இல்லையோ, பொட்டலம் தெரிஞ்சுடும்."

சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. அவர் பொட்டலம் பிரித்து யாருக்காவது நீட்டியதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. மனைவி அவரை விட்டுவிட்டுத் தாய்வீடு போனபோது சொன்ன ஒரே காரணம், பானையில் எதுவும் மிஞ்சுவதில்லை என்பதுதான்.

அந்த விபத்து, காட்டுப் பன்றிகள் நோய் வந்து செத்த வருஷம் நடந்தது. ஆற்றில் எங்கே பார்த்தாலும் ஊதிய உடல்கள் மிதந்து வந்தன. தோல் வெளுத்து, கால்கள் நான்கும் விறைத்து, மேலே ஈ மொய்க்க, படகின் பக்கத்தில் வந்து முட்டும். சித்தப்பா கழியால் தள்ளிவிடுவார். கழி உள்ளே இறங்கிவிடும். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்துகொண்டிருந்தேன். சமாரிண்டாவிலிருந்து ஒன்றரை நாள், நிலக்கரிப் படகுகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்த பயணம். அந்தப் பெரிய படகில் கழிப்பறையும் பின்னால்தான், சமையலும் பின்னால்தான்; நடுவில் ஒரு பலகைச் சுவர். மூக்கை மூடிக்கொண்டே வந்தவள், நீளப்படகில் ஏறியபோது இனி நாற்றம் என்று எதுவும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

எனக்கு முன் பலகையில் புவாக் அக்காவும் அவள் மகள் அசுங்கும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சித்தப்பா நின்றார். அசுங்குக்கு நான்கு வயது. காய்ச்சலுக்காக லோங் பகுன் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். காய்ச்சல் விட்டதும் வருமே, அந்தப் பசி அவளுக்கு. முதல் ரியாமைக் கடக்கும்வரை அம்மா சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். இரண்டாவது ரியாம் தொடங்கும் இடத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது. புவாக் அக்கா மடியில் இலையைப் பிரித்தாள். ஒட்டரிசிச் சோறு, உப்புக்கண்டமான பன்றி இறைச்சி.

வாசனை முன்னால் போனது. சித்தப்பா திரும்பவில்லை. வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கிக் கேட்டார். அக்கா ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, கேட்ட கைக்கு இல்லையென்று சொல்ல முடியாமல், பெரிய துண்டாக எடுத்து வைத்தாள். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

முழங்கை மடங்கியது. கை மார்புப் பக்கம் வந்தது. லெஜாவ் அண்ணன் இடது பக்கம் திருப்பினார்.

படகு முழுதாகக் கவிழவில்லை. பாறையில் ஏறி, சாய்ந்து, முன்னால் இருந்த ஆறு பேரைத் தண்ணீருக்குள் கொட்டியது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து பேர் கிடைத்தார்கள். புவாக் அக்காவை இரண்டு பேர் முடியைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். அவள் மறுபடியும் குதிக்கப் பார்த்தாள். எல்லோருக்கும் முன்னால் பாறை மேல் ஏறி நின்றவர் சித்தப்பாதான். அவர் வாய் இன்னும் மென்றுகொண்டிருந்தது.

அசுங்கை மறுநாள் மூன்று வளைவு தள்ளி, மரங்கள் ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் எடுத்தார்கள். பன்றிகளும் அங்கேதான் ஒதுங்கியிருந்தன. இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆற்றில் யாராவது செத்தால், அந்தப் படகில் வந்தவர்களையெல்லாம் கூட்டி, கிளம்பும் முன் நீட்டிய உணவை யாராவது தொடாமல் வந்தார்களா என்று கேட்பது எங்கள் வழக்கம். மரபுத் தலைவர் பெலாவிங் தாத்தா கூட்டத்தில் கேட்டார். சித்தப்பா எழுந்தார். காலையில் துறையில் தான் ஒட்டரிசிப் பொட்டலம் பிரித்து எல்லோருக்கும் நீட்டியதாகவும், எல்லோரும் தொட்டதாகவும், புவாக் மட்டும் கையில் பிள்ளை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படகேறியதாகவும் சொன்னார். கண்ணைக்கூடத் துடைத்தார், அதே கையால்.

ஹஜாங் ஒருவருக்குச் சோறு நீட்டினார் என்று கேட்டால் வேறு நாளாக இருந்தால் கூட்டமே சிரித்திருக்கும். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் கை தப்பியது என்று ஒத்துக்கொண்டால் மறுநாள் யாரை நம்பிப் படகேறுவது? பெண் உணவை மறுத்தாள் என்றால் ஆறும் சரியாக இருக்கிறது, படகும் சரியாக இருக்கிறது. லெஜாவ் அண்ணனும் தலையாட்டினார். ஆட்டாவிட்டால் திருப்பியது யார் கை என்ற கேள்வி வரும்.

புவாக் அக்கா எழுந்து, தான் மறுக்கவே இல்லை, கேட்டபோது கொடுத்தேன் என்றாள். எங்கே, எப்போது என்று கேட்டார்கள். ரியாமில் என்றாள். ரியாமின் நடுவில் படகின் முன்னால் நிற்கிறவன் எவன் சோறு கேட்பான் என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"திப்புங் எனக்குப் பின்னாடிதான் இருந்தா. அவளக் கேளுங்க. அவ படிச்ச பொண்ணு, பொய் சொல்ல மாட்டா."

பெலாவிங் தாத்தா என்னிடம் கேட்டார். கூட்டத்துக்கு வரும் வழியில் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: உனக்கு இன்னும் இரண்டு வருஷம் படிப்பு இருக்கிறது. என் படிப்புக்குப் பணம் கட்டியவர் சித்தப்பா. மீனும் பெட்ரோலும் நாறும் நோட்டுக்கட்டுகளாகக் கொண்டுவந்து கொடுப்பார்.

"நான் தண்ணியப் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

அவ்வளவுதான். பொய்யென்றுகூட அதைச் சொல்ல முடியாது. அப்படி ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்கத்தான் எனக்குப் படிப்பு உதவியது.

உணவை மறுத்துப் படகை ஆபத்தில் விட்டதற்காக, புவாக் அக்கா சித்தப்பாவுக்கு, அடித்து ஒலிக்கும் வெண்கலச் சேமக்கலம் ஒன்றைத் தண்டமாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவளுடைய அம்மா வீட்டுச் சேமக்கலத்தை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சித்தப்பா அதைத் தன் குடிசைச் சுவரில் மாட்டினார். மரம் வெட்டும் முகாமிலிருந்து வந்த அவள் கணவன் அவளோடு பேசவில்லை. அவன் வீட்டார் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் புதைத்தது அவர்கள் நிலத்தில். பிள்ளையைத் தின்றவள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். நவம்பரில் எல்லோரும் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றப் போகும் நாளில் அவள் வேலிக்கு வெளியே நிற்பாள். யாரும் விரட்டுவதில்லை. உள்ளே வா என்றும் சொல்வதில்லை.

மீதி இரண்டு வருஷமும் நான் ஊருக்குப் போகவில்லை. பகுதிநேர வேலை என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டேன். பட்டம் வாங்கி, எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே வேலை கிடைத்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தபோது, லோங் பகுன் துறையில் அதே படகு. பின்னால் புது ஆள்; லெஜாவ் அண்ணன் நிலக்கரிப் படகு ஓட்டக் கீழே போய்விட்டிருந்தார். முன்னால் சித்தப்பா. இன்னும் பெருத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று படகு முழுவதற்கும் அறிமுகப்படுத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

படகில் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர் தம்பதி இருந்தார்கள். ஜாவாக்காரர்கள், வழக்கம் தெரியாது. மடியில் சாப்பாட்டு டப்பா இருந்தது, திறக்கவில்லை. சித்தப்பா அவர்கள் முன்னால் போய்க் குந்தினார். இந்த ஆறு ரொம்பப் பொல்லாதது என்று தொடங்கினார். பிறகு கதை சொன்னார்.

"ஒரு பொம்பள. நான் அன்பா சோறு நீட்டுறேன், தொடாம ஏறிட்டா. என்ன ஆச்சு தெரியுமா? நாலு வயசுப் புள்ள. பன்னியோட பன்னியா எடுத்தோம். அதனால படகுல ஒருத்தருக்கொருத்தர் குடுத்து வாங்கிக்கிறது நல்லதும்மா."

கதை வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று எல்லாம் பழகியிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் என்னிடம் சொன்னார். அந்த ஆசிரியை டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள். பொரித்த கோழி. சித்தப்பா தொடைத் துண்டை எடுத்தார். நான் படகின் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"சித்தப்பா, அன்னிக்கு அவ குடுத்தா. நீங்க வாங்கித் தின்னீங்க."

அவர் எலும்பைச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"அப்படியா? நீ அன்னிக்குத் தண்ணியப் பாத்துட்டிருந்தேன்னுல்ல சொன்ன, பொண்ணே."

பிறகு மூன்று விரல்களையும் உறிஞ்சினார்.

ஊர் சேர்ந்ததும் வீட்டுக்குப் போகாமல் பெலாவிங் தாத்தாவிடம் போனேன். பார்த்ததைச் சொன்னேன். இரண்டு வருஷம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். பிறகு கூட்டத்தை மறுபடியும் கூட்டச் சொன்னார்.

இரண்டாவது கூட்டம் நீளவில்லை. எனக்குச் சம்பளமும் பேரும் வந்துவிட்டதால் சித்தப்பாவைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று அப்பாவே எழுந்து பேசினார். பெலாவிங் தாத்தா கிண்ணத்தில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சிறுத்தைப் பல் ஒன்றை அதற்குள் போட்டார். புவாக் உணவை மறுத்தாள் என்று சித்தப்பா சொல்லிவிட்டு அதைக் குடித்தால் போதும். பொய்யென்றால் வயிறு வெடிக்கும் என்பார்கள். சித்தப்பா கிண்ணத்தை வாங்கினார். எதையும் வேண்டாமென்று சொல்லாத அந்த மனிதர் அதைக் குடிக்காமல் கீழே வைத்தார். கூட்டத்துக்கு அது போதும்.

சேமக்கலத்தைத் திருப்பித் தர வேண்டும். கூடவே ஒரு பழைய ஜாடி. எல்லாவற்றுக்கும் மேலாக, துறையில் நின்று, புவாக்கின் கணவன் வீட்டார் முன்னால் அவர் வாயால் சொல்ல வேண்டும்: அவள் கொடுத்தாள், நான் தின்றேன், என் கைதான் தப்பியது. அறுவடை முடிவதற்குள். அவரால் முடியாமல் போனால் உடன்பிறந்தவர் சொல்லலாம். சித்தப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார். வெளியே வரும்போது புவாக் அக்கா என் கையைப் பிடித்தாள். என் கை அவள் கைக்குள் இருந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

சேமக்கலம் சித்தப்பாவின் குடிசைச் சுவரில் இல்லை. முந்தைய வருஷமே பழம்பொருள் வியாபாரியிடம் விற்றுவிட்டார். வேறொன்று வாங்கிவருகிறேன் என்று சமாரிண்டா போனவர் திரும்பவில்லை. அறுவடை முடிந்தது. சமாரிண்டாவின் சுங்கை குன்ஜாங் துறையில் மூட்டை இறக்குகிறவர்களோடு திரிகிறார், பயணிகள் பொட்டலம் பிரிக்கும் இடங்களில் நிற்கிறார் என்று படகில் வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஈரல் வீங்கிச் செத்தார் என்று ஃபோன் வந்தது. அங்கேயே புதைத்துவிட்டார்கள். நான் அழவில்லை. அழ வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் சம்பளத்தில் ஒரு சேமக்கலமும் ஜாடியும் வாங்கி, புவாக் அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் மரவள்ளி இலை ஆய்ந்துகொண்டிருந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். மறுபடியும் மூடினாள்.

"இத எங்க மாட்டுறது தங்கச்சி? எங்க மாமியா சேமக்கலத்தையா கேக்குறா? வார்த்தையக் கேக்குறா. உங்கப்பாவத் துறைக்கு வரச் சொல்லு."

அப்பாவிடம் சொன்னேன். ஒருமுறை அல்ல, இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை முறை என்று நினைவில்லை. கடைசியாகக் கேட்டபோது அவர் வலையை முடிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"செத்தவன் செத்துட்டான். அவன் தின்னதுக்கு நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

நானே சொல்கிறேன் என்று பெலாவிங் தாத்தாவிடம் கேட்டுப் பார்த்தேன். அண்ணன் மகள் சொன்னால் அது செல்லாது. ஏற்கெனவே ஒருமுறை நீ சொல்லாமல் விட்டிருக்கிறாய் என்றார். தப்பாகச் சொல்லவில்லை.

சேமக்கலமும் ஜாடியும் சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இந்த நவம்பரிலும் புவாக் அக்கா வேலிக்கு வெளியேதான் நின்றாள். சித்தப்பா சொல்ல வேண்டிய அந்த வார்த்தையை அவளுடைய மாமியார் வீட்டார் முன்னால் இன்னும் யாரும் சொல்லவில்லை.